அக்காவுக்கு வாங்காத பெட்டி

அக்கா,

இன்று காலை கடையில் கூட்டமில்லை. மேசையின் கீழ் இழுப்பறையைக் கவிழ்த்துப் போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அறுந்த சார்ஜர்கள், உலர்ந்துபோன இங்க் குப்பிகள், சரிசெய்யக் கொடுத்துவிட்டு யாரும் திரும்பி வந்து கேட்காத மவுஸ்கள். எல்லாவற்றுக்கும் அடியில் உன்னுடைய ரிமோட் கிடந்தது. நிறுத்தும் பட்டன்மேல் நீ வைத்த சிவப்பு நகப்பூச்சு இன்னும் உதிரவில்லை. கண்ணாடி போடாமலும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும் என்று, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று முறை பூசி மேடாக்கி வைத்திருந்தாய்.

அந்த ரிமோட்டுக்கு உரிய பெட்டி என்னிடம் இல்லை. அதை நான் விற்றுவிட்டேன். நீ உயிரோடு இருந்தபோதே விற்றேன். உன்னிடம் சொல்லவில்லை. "எங்கடி என் டப்பா?" என்று நீ கேட்ட ஒவ்வொரு முறையும், கடையில் இருக்கிறது, சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்று ஜாடை காட்டினேன். யாரிடமும் சொல்லாத இதை இப்போது உனக்கே எழுதுகிறேன். உனக்கு எதையும் எழுதித்தானே சொல்ல வேண்டும்.

நான் கணினி படித்தது உன் சம்பளத்தில். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில், தகட்டை வைத்து அடித்து வளைக்கிற பிரஸ் ஷாப்பில், பதினான்கு வருஷம் நின்றாய். மாமா போனபிறகு உன் பிள்ளை சாமுவையும் தங்கை என்னையும் படிக்க வைத்தது அந்த பிரஸ்தான். காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுப்பார்களாம், யாராவது பார்வையிட வரும் நாளில் மட்டும். நாங்கள் உன் விரல்களைப் பற்றித்தான் பயந்தோம். நீ வீட்டுக்கு வந்ததும் சாமு உன் கையைப் பிடித்து எண்ணிப் பார்ப்பான். பத்து விரலும் பத்திரமாக இருந்தன. போனது காது.

முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது தியேட்டரில். மாதம் ஒரு படமாவது நீயும் நானும் மதியக் காட்சிக்குப் போவோமே, அப்படிப் போன ஒரு நாள். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. நீ ஒரு நொடி கழித்து, என் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். அடுத்த சிரிப்புக்கும் அப்படியே. நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் என்ன கதை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் பிள்ளையார்பாளையத்தில் நீ குடியிருந்த வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டில் வழக்கம்போலத் தறி ஓடிக்கொண்டிருந்தது. சுவரே லேசாக அதிர்ந்தது. நீ காய் நறுக்கிக்கொண்டே, "இன்னாபா, அவங்க வீட்ல யாருக்குனா உடம்பு சரியில்லையா? நாலு நாளா தறியே போடல" என்றாய்.

அரசு மருத்துவமனையில் கொடுத்த காது மெஷினை நீ ஒரு மாதம் மாட்டியிருந்தாய். "தகரத்து மேல கல்லக் கொட்னா மாதிரி இருக்குதுடி, அதுல எது பேச்சு எது சத்தம்னு நான் பிரிக்கணுமா?" என்று கழற்றி வைத்துவிட்டாய். தியேட்டருக்கு வருவதையும் நிறுத்திவிட்டாய். கேட்டால் கால்வலி என்றாய். உன் காலுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும்.

ஒருநாள் என் கடையில் உட்கார்ந்திருந்தபோது, யாருக்காகவோ சரிபார்த்த கணினியில் ஒரு வெளிநாட்டுப் படம் ஓடியது. கீழே இங்கிலீஷில் எழுத்து வந்தது. நீ திரையருகே குனிந்து பார்த்தாய். "இது மாதிரி நம்ம படத்துக்குத் தமிழ்ல வராதா?" என்றாய். நாம் சேர்த்து வைத்த பழைய படங்களுக்கு யாரும் போட்டதில்லை என்று சொன்னேன். "நீதான் நாள் பூரா டைப் அடிக்கிறியே. எழுதிப் போடேன்" என்றாய், இட்லிக்கு அரிசி ஊறப்போடேன் என்று சொல்வதுபோல.

அப்படித்தான் ஆரம்பித்தது. நாம் வாங்கி வைத்திருந்த டிவிடிகளை ஹார்டு டிஸ்கில் ஏற்றினேன். மதியத்தில் ஜெராக்ஸ் கூட்டம் குறைந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வசனமும் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்று குறித்து, தட்டச்சு செய்தேன். ஒரு படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் பிடித்தது. முதல் படத்தில் பாட்டு வந்த இடத்தில் 'பாட்டு' என்று மட்டும் போட்டிருந்தேன். நீ சண்டைக்கு வந்தாய். "பாட்டுன்னு எனக்குத் தெரியாதா? வாயத் தொறந்துகினு மரத்தச் சுத்தறாங்களே. இன்னா பாட்டுன்னு எழுது." அதற்குப் பிறகு பாட்டு வரிகளைப் போட்டேன். மழை, ரயில், கதவு தட்டும் சத்தம் எல்லாம் போட்டேன். கதாநாயகி காணாமல் போன காட்சியில் 'தூரத்தில் நாய் குரைக்கிறது' என்று போட்டதைப் படித்துவிட்டு நீ படத்தை நிறுத்தி, "நாய் கூட கொலைக்குதா!" என்று அதிசயப்பட்டாய்.

எழுதுவதைவிட, அதை ஓட்டும் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் தவறினேன். குறைந்த செலவில் வீட்டில் தியேட்டர் மாதிரி வேண்டும், எந்தப் பெட்டி வாங்கலாம் என்று வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்பார்கள். நானும் பெரிய கெட்டிக்காரிபோலச் சொல்லுவேன். உனக்கு முதலில் வாங்கியது சோப்பு டப்பா அளவில், பேர் தெரியாத டிவி பாக்ஸ் ஒன்று. படம் தடங்கல் இல்லாமல் ஓடுகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்தேன். கேபிளைச் செருகிவிட்டு வந்துவிட்டேன். தமிழ் எழுத்தைப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் உன்னோடு உட்கார்ந்து பார்த்தேன். 'கொடு' என்று நான் எழுதியது, கொம்பு தனி, க தனி, கால் தனி என்று சிதறி நடுவில் புள்ளி வட்டங்களோடு வந்தது. ஒவ்வொரு வரியும் உடைந்த ஓடுபோலக் கிடந்தது.

"இத எப்டிக்கா படிச்ச?" என்று உன் காதருகே கத்தினேன். அப்போது அவ்வளவாவது கேட்டது.

"கொஞ்சம் கஷ்டமாதான் இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சுபா. எது எங்க போயி உக்காரும்னு தெரிஞ்சிடுச்சு."

"சொல்றதுக்கு இன்னா?"

"காலையில இருந்து கடையில நின்னுகினு கீற. அதுல இத வேற சொல்லணுமா?"

நீ எதையும் சொல்ல மாட்டாய். அதுதான் உன்னிடம் எனக்குப் பிடிக்காதது. இப்போதும் பிடிக்கவில்லை.

அடுத்த நாளே சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் அலைந்தேன். பெரிய அலுவலகங்கள் கழித்துப் போட்ட மினி கணினிகள் அங்கே மலிவாகக் கிடைக்கும். நம் வீட்டு பைபிள் அளவுதான் இருக்கும். புதிய பாக்ஸின் விலைதான், ஆனால் முழுக் கணினி. பென் டிரைவில் 'கொக்கு, கௌதாரி, ஸ்ரீதேவி, நொய்' என்று ஒரு வரி எழுதி எடுத்துப்போயிருந்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் அதைச் செருகிப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் கேம் ஓடுமா, ஃபோர்கே ஓடுமான்னு கேப்பாங்க. நீ கொக்கு தெரிதான்னு பாக்கறியேமா." கொக்கு முழுசாகத் தெரிந்த பெட்டியையும் அதற்கு ஒரு ரிமோட்டையும் வாங்கி வந்தேன். உள்ளே ஒரு சின்ன ஃபேன் கிர்ரென்று சுற்றும். உனக்கென்ன.

ஒன்றரை வருஷம். பதினொரு படம். சனிக்கிழமை மதியங்களில் நீ சோற்றுத் தட்டோடு கட்டிலில் உட்கார்ந்து படிப்பாய், நான் பார்ப்பேன். சிரிப்பு வரும் இடத்தில் எனக்கு முன்னால் நீ சிரித்துவிடுவாய், ஏனென்றால் வசனம் முடிவதற்குள் நீ வரியைப் படித்து முடித்திருப்பாய். "முடிவ சொல்லிடாத" என்று நான் உன் வாயைப் பொத்துவேன். நம் இருவருக்கும் அதைவிட நல்ல காலம் வந்ததில்லை. இதை நான் அப்போதே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பிறகு சாமு செவிலிமேட்டில் வீடு கட்டினான். வேலூரில் பெண் எடுத்தான். நல்ல பிள்ளைதான், உன்னை ராணி மாதிரி வைக்க வேண்டும் என்று நினைத்தான். உனக்குக் கொஞ்சம் மந்தம் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். சென்னையில் வேலை, மாதம் இரண்டு முறை வருவான், நீ அவன் வாயைப் பார்த்தே சமாளிப்பாய். "சம்பந்தி வீட்டு முன்னாடி வாயத் தொறக்காத. பரம்பரையா வர்றதான்னு கேப்பாங்க. பொறக்கப் போற கொழந்த வரிக்கும் பேசுவாங்க" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாய். பிரஸ் ஷாப்பில் போன காது எப்படியக்கா பரம்பரையாக வரும்? நான் அதைக் கேட்கவில்லை. சரி என்றேன்.

"சித்தி, ஹால்ல ஃபைவ் பாயிண்ட் ஒன் போடணும். நீங்களே செலக்ட் பண்ணி நீங்களே போட்டுக் குடுங்க" என்றான் சாமு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை நான் செய்தது ஜெராக்ஸ், தட்டச்சு, பழைய கணினிக்குத் தூசி தட்டுவது. ஒரு வீட்டில் முழுதாக ஹோம் தியேட்டர் பொருத்துவது அதுதான் முதல் தடவை. இருக்கிற பணத்துக்குள் எந்த ஸ்பீக்கர் நல்லது, எந்த ரிசீவர் போதும் என்று ராப்பகலாகப் படித்தேன். பூச்சு வேலை முடியும் முன்பே சுவருக்குள் ஒயர் இழுத்தேன். ஒரு கேபிள்கூட வெளியே தெரியாமல் முடித்தேன்.

கடைசியில் உன் பெட்டியை ரேக்கில் வைத்தபோது சாமு முகம் சுளித்தான்.

"அது வேணாம் சித்தி. ஃபேன் சத்தம் வருது. பாக்கவும் ஒரு மாதிரி இருக்குது. டிவிலயே எல்லா ஆப்பும் இருக்குதே."

"அம்மாவுக்கு எழுத்து வேணும்பா."

"ஆப்லயே சப்டைட்டில் வரும் சித்தி."

"இங்கிலீஷ்லதான் வரும்."

"அப்புறம் பாத்துக்கலாம் சித்தி. விசேஷம் முடியட்டும்."

நான் அங்கே நின்று சண்டை போட்டிருக்க வேண்டும். உன் அம்மாவுக்குச் சுத்தமாகக் காது கேட்காது, இந்த ஸ்பீக்கர் எல்லாம் யாருக்கு என்று கேட்டிருக்க வேண்டும். உன்னிடம் கொடுத்த சத்தியத்தைச் சாக்கு சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ரேக் அழகாக இருந்தது. எனக்கும் அந்தப் பெட்டி அங்கே உறுத்தியது. பையில் போட்டுக் கடைக்கு எடுத்து வந்துவிட்டேன்.

புதுவீட்டு ஜெபம் முடிந்து, பிரியாணியும் முடிந்து, சாமு எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து ஒரு சண்டைக்காட்சியைப் போட்டான். சம்பந்தியம்மாள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பின்னால் எங்கோ கண்ணாடி உடைந்ததென்று ஒருவர் திரும்பிப் பார்த்தார். பட்டுப்புடவையில் நீ நடு சோபாவில் உட்கார்ந்து, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லோரும் அதிர்ந்தபோது அதிர்ந்து, சிரித்தபோது சிரித்தாய். "யாரு போட்டது? வேல சுத்தமா இருக்குதே" என்று சம்பந்தி கேட்டார். "எங்க சித்தி" என்றான் சாமு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? உன்னைப் பார்த்துக்கொண்டேதான் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தபோது, நாற்காலியை மூலைக்கு இழுத்துப்போட்டு, தரையதிரச் சத்தம் போடும் சப்வூஃபர் பெட்டிமேல் வெறுங்காலை வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாய். "அத்தைக்கு பேஸ்னா அவ்ளோ பிடிக்குது" என்றாள் உன் மருமகள், வெள்ளந்தியாக. அவள் உள்ளே போனதும் நீ என்னிடம், "கால்ல அதிருதுடி. சண்டையா பாட்டான்னு கொஞ்சம் தெரிது" என்றாய். பிறகு கேட்டாய். "எங்கடி என் டப்பா? என் ரூம்ல வெச்சிக்கிறேனே."

அந்த வாரம்தான் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். புதிதாக மளிகைக் கடை திறக்கிறார், பில் போட உடனே ஒரு கணினி வேண்டும் என்றார். உன் பெட்டி மேசைமேல் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு ரிமோட் தேவைப்படவில்லை. உன் எழுத்துகளெல்லாம் ஹார்டு டிஸ்கில் பத்திரமாகத்தான் இருந்தன. இதைவிட நல்லதாக, ஃபேன் இல்லாமல், டிவிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் சாமுவும் ஒன்றும் சொல்ல மாட்டான் என்று கணக்குப் போட்டேன்.

நாலு மாதம் தேடினேன். டிவியில் செருகுகிற ஸ்டிக் வாங்கலாமா என்று பார்த்தேன், அதில் ஹார்டு டிஸ்க் போட இடமில்லை. கையகலக் கணினி போர்டு ஒன்று பார்த்தேன், அதன் விலை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. புது மாடல் வரப்போகிறது என்றார்கள், காத்திருந்தேன். தள்ளுபடி வரும் என்றார்கள், அதற்கும் காத்திருந்தேன். நல்லதாக ஒன்று கிடைத்தபோது அதிலும் ஃபேன் இருந்தது, லேசாக இரைந்தது, வேண்டாம் என்று வைத்துவிட்டேன். காது கேட்காதவளுக்குச் சத்தம் போடாத பெட்டி தேடிக்கொண்டிருந்தேன் அக்கா. நீயோ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச் வாசலில், "ஏதோ ஒண்ணு எடுத்துகினு வாயேன்டி, பழசே போதும்" என்றாய். பழசு இல்லை என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை நீ குளியலறையில் விழுந்தாய். சாமு சென்னையிலிருந்து வந்து சேர்ந்து எனக்குச் சொன்னபோது மதியமாகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தான். "கூப்ட்டா பதிலே இல்லையாம் சித்தி. நினைவு இல்லன்றாங்க" என்று அழுதான்.

உள்ளே போனேன். நர்ஸ் உன் தலைமாட்டில் நின்று, "அம்மா, கைய தூக்குங்க, பேர் சொல்லுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உன் கண் மூடியிருந்தது. நான் உன் கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்தாய். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதிக் காட்டினேன். 'ஸ்டெல்லா வந்திருக்கேன். கையைத் தூக்கு.' இடது கையைத் தூக்கினாய். நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தார். நினைவில்லை என்று நினைத்து விட்டுவிட்ட அந்த நாலு மணி நேரம் எதையாவது மாற்றியிருக்குமா என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். அவர் பதிலுக்கு உன் வயதைக் கேட்டார்.

சாமு என் தோளைப் பிடித்துக்கொண்டான். "சுத்தமா கேக்காதா சித்தி? டிவி பாக்கறப்ப சிரிப்பாங்களே."

"நம்ம மூஞ்சியப் பாத்து சிரிப்பா" என்றேன். அவனைக் காயப்படுத்த வேண்டுமென்றே சொன்னேன். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

நீ குழறிக் குழறிப் பேசினாய். "எல்லாரும் வாய அசைக்கிறாங்க. எழுதிப் போடுடி." அன்றும் மறுநாளும் உன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். நர்ஸ் சொன்னது, சாமு சொன்னது, ஊசி எப்போது, கஞ்சி எப்போது. அடுத்த கட்டிலில் இருந்த பெரியவரின் இரண்டு மகள்களும் ஓயாமல் சண்டை போட்டார்கள். அதையும் கேட்டாய். "இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?" அதையும் எழுதினேன். உன் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் டாக்டர் வந்து, உனக்குக் கேட்காது என்பதால் உன் கட்டில் அருகிலேயே நின்று, சாமுவிடம் சாதாரணமாகப் பேசினார். தலைக்குள் ரத்தம் கசிவது நிற்கவில்லை, ஆபரேஷன் தாங்காது, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். சாமு முகத்தை மூடிக்கொண்டான். நீ அவனைப் பார்த்தாய், டாக்டரைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "இன்னா சொல்றாரு?"

நான் எழுதினேன். 'இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்கிறார். சாமு சந்தோஷத்தில் அழுகிறான்.'

நீ அதை வெகுநேரம் படித்தாய். இரண்டே வரி, அவ்வளவு நேரம் பிடிக்காது. "சரி" என்றாய். பிறகு அந்தத் தாளை, சாமுவின் கண்ணில் படாமல், இடது கையால் மெல்லக் கவிழ்த்து வைத்தாய். சனிக்கிழமை விடியும்போது போய்விட்டாய்.

அடக்கம் முடிந்த பிறகு சாமு அந்தத் தாள்களையெல்லாம் கேட்டான். கொடுத்தேன். அந்த ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. நீ அதை நம்பியிருந்தால் எனக்கு ஆறுதல். நம்பியிருக்க மாட்டாய். அப்படியானால், சாகப்போகிறோம் என்பதைக்கூட நீ மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாய். அதை உனக்குச் சொல்ல வேண்டியவள் கையில் பேனாவோடு உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.